ஒற்றை வென்ட்ரிக்கிள் குழந்தைகள்: நுரையீரலுக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும்?

ஒற்றை வென்ட்ரிக்கிளோடு, அதாவது வேலை செய்யும் இதயக் கீழறை ஒன்று மட்டுமே உள்ள நிலையில், பிறந்த குழந்தைகளின் பெற்றோர் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நுரையீரலுக்குப் போகும் ரத்தம் போதவில்லையா, மிஞ்சிப்போகிறதா? அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்களை எழுதியிருப்பவர்கள் குழந்தைகள் இதயப் பிரிவில் பணிபுரிகிறவர்கள். இங்கே வரும் மருந்தளவுகள் விஷயம் புரிவதற்காக மட்டும். உங்கள் குழந்தைக்கான அளவு உங்கள் மருத்துவர் எழுதித் தருவதுதான்.

கேள்வி: என் மகனுக்கு 5 வாரம் ஆகிறது. டிரைகஸ்பிட் அட்ரீசியா (வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு உருவாகாத நிலை), கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை என்றார்கள். பிறந்தபோது சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம்) 82. இப்போது 93. நாங்கள் சந்தோஷப்பட்டோம். டாக்டரோ, "இது நல்லதில்லை, பேண்ட் போட வேண்டியிருக்கும்" என்கிறார். ஆக்சிஜன் ஏறினால் எப்படிக் கெடுதலாகும்?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வது சரி. இந்த நோயில் பெற்றோருக்கு மிகவும் குழப்பம் தருவது இந்த எண்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வழக்கமான இதயத்தில் வலது கீழறை நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் தள்ளும், இடது கீழறை உடம்புக்கு மட்டும் தள்ளும். ஒரு சுற்று முடிந்துதான் அடுத்த சுற்று. உங்கள் மகனுக்கு வேலை செய்யும் கீழறை ஒன்றுதான். சுத்த ரத்தமும் அசுத்த ரத்தமும் அதில் கலந்து, அங்கிருந்தே நுரையீரலுக்கும் உடம்புக்கும் பிரிந்து போகின்றன. ஒரே மோட்டாரிலிருந்து இரண்டு குழாய் இழுத்த மாதிரி, எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம்தான் அதிகம் பாயும்.

பிறந்த சமயத்தில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகியிருக்கும். முதல் சில நாட்களில் அவை வேகமாகத் தளரும். 6 முதல் 8 வாரத்துக்குள் அவற்றின் தடை ஏறத்தாழ பெரியவர்களின் அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் மகனுக்கு 82 என்பது 93 ஆனதற்குக் காரணம் இதுதான். இதயம் ஒன்றும் தேறிவிடவில்லை, நுரையீரல் பக்கம் தடை குறைந்து ரத்தம் அங்கே சாய்ந்துவிட்டது.

எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தத்தின் சாச்சுரேஷன் 100, உடம்புக்குப் போவது 80, உடம்பிலிருந்து திரும்புவது 60 என்று வையுங்கள். உடம்பு எடுத்துக்கொண்டது 20, நுரையீரல் சேர்த்துக் கொடுத்ததும் 20. இரண்டு பக்கமும் சமமாக ரத்தம் போகிறது என்று அர்த்தம். இப்போது உடம்புக்குப் போவது 93, திரும்புவது 65 என்று மாற்றிப் பாருங்கள். உடம்பு எடுத்தது 28, நுரையீரல் சேர்த்தது 7 மட்டுமே. 28-ஐ 7-ஆல் வகுத்தால் 4. அதாவது உடம்புக்கு 1 பங்கு போகும்போது நுரையீரலுக்கு 4 பங்கு போகிறது. எண் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கீழறை மொத்தம் 5 பங்கு தள்ளி ஓய்ந்துபோகும், சிறுநீரகமும் குடலும் பட்டினி கிடக்கும்.

இந்தக் கட்டத்தில் 75 முதல் 85 வரை இருந்தால் பங்கீடு ஓரளவு சமமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். எண்ணைவிடக் குழந்தையைப் பாருங்கள். தூங்கும்போதுகூட நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, பால் குடிக்கும்போது தலையில் வியர்வை, பாதியில் களைத்து விடுவது, எடை நின்றுபோவது, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது ஆகியவை நுரையீரலில் ரத்தம் மிஞ்சுவதன் அடையாளங்கள். வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ரத்தம் போதாமல் குடலே சேதமாகும் நிலை அது.

வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தாலும் உங்கள் குழு சொல்லாமல் வைக்காதீர்கள். ஆக்சிஜன், நுரையீரல் ரத்தக்குழாய்களை இன்னும் விரியச் செய்யும். எண் ஏறும், உடம்புக்குப் போகிற ரத்தம் இன்னும் குறையும்.

பேண்ட் என்பது நுரையீரல் தமனியைச் சுற்றிக் கட்டும் பட்டை. ட்ரஸ்லர் என்ற அறுவை நிபுணர் வகுத்த கணக்கின்படி, ரத்தம் கலக்கும் இதயங்களில் பட்டையின் சுற்றளவு 24 மி.மீ.யோடு கிலோவுக்கு 1 மி.மீ. கூட்டி வரும். அது தொடக்கம் மட்டுமே. பின்னால் ஃபான்டான் (உடம்பின் சிரைகளை நேரே நுரையீரல் தமனியில் சேர்க்கும் கடைசி அறுவை) செய்ய வேண்டிய குழந்தைக்கு அதைவிட இறுக்கமாகக் கட்டுவது வழக்கம். சாச்சுரேஷனையும் பட்டைக்கு அப்பால் உள்ள அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே மேசையில் இறுக்கித் தளர்த்தி நிறுத்துவார்கள். தள்ளிப்போடக் கூடாத வேலை இது. அதிக அழுத்தத்தில் ரத்தம் மாதக்கணக்கில் பாய்ந்தால் நுரையீரலின் நுண்ணிய தமனிகள் தடித்துவிடும். அப்படித் தடித்த நுரையீரல்மேல் க்ளென் (ஃபான்டானுக்கு முந்தைய கட்ட அறுவை), ஃபான்டான் இரண்டையுமே செய்ய முடியாது.

கேள்வி: என் பேத்திக்கு, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோக 3.5 மி.மீ. ஷன்ட் (இணைப்புக் குழாய்) வைத்திருக்கிறார்கள். வளர்கிற குழந்தைக்கு இத்தனை சின்னக் குழாய் எதற்கு? கொஞ்சம் பெரிதாக வைத்தால் அடைக்காதே?

பதில்: குழாய் வழியே பாயும் அளவு, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 3.5 மி.மீ. குழாய்க்குப் பதில் 4 மி.மீ. வைத்தால் அரை மில்லிமீட்டர்தான் கூடுகிறது. ஆனால் மற்றவை மாறாமல் இருந்தால் பாய்ச்சல் சுமார் 70 சதவீதம் கூடிவிடும். 3 கிலோ குழந்தையின் இதயம் அதைத் தாங்காது, முதல் கேள்வியில் சொன்ன தொல்லை அத்தனையும் வரும். மேலும் இந்த ஷன்ட் வழியே இதயம் சுருங்கும்போது மட்டுமல்ல, விரியும்போதும் ரத்தம் நுரையீரலுக்கு ஓடுகிறது. இதயத்தசைக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் அந்த விரியும் நேரத்தில்தான். ஷன்ட் பெரிதானால் இதயத்தசையின் பங்கையே அது பறித்துக்கொள்ளும்.

கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்குப் போடும் இந்த இணைப்பு 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. யோசனை குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாசிக்குடையது, அறுவை செய்தவர் ஆல்ஃபிரட் பிளாலாக், சோதனைக்கூடத்தில் முறையை உருவாக்கிக் கொடுத்தவர் விவியன் தாமஸ். அப்போது கைத்தமனியையே வெட்டி இணைத்தார்கள். இப்போது இடையில் கோர்-டெக்ஸ் என்ற செயற்கைக் குழாய் வைக்கிறோம்.

அடைப்புக்கு வருவோம். குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் கொடுக்கிறோம், வழக்கமாக நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. ஒரு வேளையும் தவறக் கூடாது. காய்ச்சலுக்கு இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். ஃப்ளூ, சின்னம்மை வந்தால் ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று உடனே கேளுங்கள், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிதான கோளாறுக்கு அது இடம் கொடுக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி, உடம்பில் நீர் வற்றுவது. இரண்டு முறை வாந்தி, நாலு முறை பேதி என்பது மற்றக் குழந்தைக்குச் சாதாரணம். ஷன்ட் குழந்தைக்கு ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் இறங்கி, குழாய் அடைவதற்கு அதுவே போதும். பால் தங்கவில்லை என்றால் சிரை வழியே திரவம் ஏற்ற வேண்டும். "நாளை பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள்.

ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ஷன்ட் ஓடும் இரைச்சல் இடைவிடாமல் கேட்கும். அந்த இரைச்சல் மறைந்து குழந்தை நீலமாகிக்கொண்டே போனால் அது நிமிடங்களில் தீர்மானமாகும் அவசரம்.

கேள்வி: முதல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தினமும் எதை எழுதிவைக்க வேண்டும்?

பதில்: சாச்சுரேஷன், எடை, குடித்த பால். இந்த மூன்றையும் வீட்டிலேயே குறித்துவைக்கும் முறையை 2000-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கினார்கள். முதல் அறுவைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வீட்டில் இருக்கும்போது நடக்கும் இறப்புகள் அதனால் வெகுவாகக் குறைந்தன. பெற்றோர் கையிலுள்ள ஒரு நோட்டுப் புத்தகம் இந்த நோயில் செய்கிற வேலையை நாங்கள் மிக உயர்வாக மதிக்கிறோம்.

எண்கள் இவை. சாச்சுரேஷன் 75-க்குக் கீழே நின்றால் அழையுங்கள். ஒரே நாளில் 30 கிராம் எடை குறைந்தால் அழையுங்கள். 3 நாளில் 20 கிராம்கூட ஏறவில்லை என்றாலும் அழையுங்கள். ஒரு நாளில் குடித்தது கிலோவுக்கு 100 மி.லி.க்குக் குறைந்தாலும் அப்படியே. சாச்சுரேஷன் 90-க்கு மேல் தொடர்ந்து நின்றாலும் பெரும்பாலான குழுக்கள் தெரிவிக்கச் சொல்லும், காரணத்தை மேலே சொல்லிவிட்டோம்.

எடை இயந்திரம் 10 கிராம் வரை காட்டுவதாக இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுக்கும் முன், துணியும் டயப்பரும் இல்லாமல் போடுங்கள். சாச்சுரேஷன் பார்க்கக் குழந்தையின் பாதம் வெதுவெதுப்பாக இருக்கட்டும், அழாத நேரமாக இருக்கட்டும். திரையில் அலை சீராக ஓடி, இயந்திரம் காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் எண்ணுவதும் ஒத்துப்போன பிறகே எண்ணை எழுதுங்கள். ஷன்ட் எந்தப் பக்கத்துக் கைத்தமனியில் போடப்பட்டதோ அந்தக் கையில் பார்க்க வேண்டாம். அங்கே நாடி பலவீனமாக இருக்கும், எண் ஏமாற்றும். கறுத்த தோலில் சில கருவிகள் உண்மையைவிட ஓரிரு புள்ளி கூட்டிக் காட்டுவதும் உண்டு. அதனால் ஒற்றை எண்ணைவிட, அதே கருவியில் அதே காலில் நாள்தோறும் வரும் போக்கை நம்புங்கள்.

கேள்வி: பேண்ட் அல்லது ஷன்ட், பிறகு க்ளென், அப்புறம் ஃபான்டான் என்று மூன்று ஆபரேஷன் எதற்கு? கடைசியில் செய்யப்போகும் ஃபான்டானை முதலிலேயே செய்துவிடக் கூடாதா?

பதில்: கூடாது. செய்தால் குழந்தை பிழைக்காது. ஃபான்டானில் நுரையீரலுக்கு ரத்தம் தள்ள பம்ப் ஏதும் கிடையாது. சிரை அழுத்தம் மட்டுமே தள்ள வேண்டும். பிறந்த குழந்தையின் நுரையீரல் தடை அதற்கு மிக அதிகம். தமனிகளும் நூல்போல மெல்லியவை.

க்ளென் அறுவையில் தலை, கைகளிலிருந்து வரும் மேற்பெருஞ்சிரையை மட்டும் நேரே நுரையீரல் தமனியில் சேர்க்கிறார்கள். வழக்கமாக 4 முதல் 6 மாதத்தில். அதற்குள் தடை இறங்கியிருக்கும். கீழறைக்கு உடனே சுமை குறையும், ஏனென்றால் ஏற்கெனவே கலந்த ரத்தத்தை மறுபடியும் நுரையீரலுக்கு அனுப்பும் வீண் வேலை நின்றுவிடுகிறது. மூன்றாவதான ஃபான்டானில் கீழ்ப்பெருஞ்சிரையையும் சேர்ப்பது 2 முதல் 5 வயதுக்குள். அப்போது 18 அல்லது 20 மி.மீ. குழாய் வைக்க இடம் இருக்கும், பெரியவனான பிறகும் அதே குழாய் போதும்.

நடுவில் கேத் பரிசோதனை (ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அழுத்தம் அளப்பது) கேட்பார்கள். பயப்பட வேண்டாம், அதில் பார்ப்பது முக்கியமாக ஒரு வகுத்தல் கணக்கு. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசம், இடது மேலறையில் 6, வித்தியாசம் 8. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர் ரத்தம் நுரையீரல் வழியே ஓடினால், 8-ஐ 4-ஆல் வகுக்க, தடை 2 வுட் அலகு (நுரையீரல் தடையை அளக்கும் அலகு). இது நல்ல எண். தமனி அழுத்தம் 15-க்குள், தடை 2-ஐ ஒட்டி இருந்தால் மனத்தெம்போடு செய்யலாம். தடை 4-ஐ நெருங்கினால் ஃபான்டானைப் பற்றித் திரும்ப யோசிக்க வேண்டும். வித்தியாசத்தைத் தனியாகப் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தமனி அழுத்தம் 18 என்று வந்து, மேலறையிலும் 13 இருந்தால் குற்றம் நுரையீரலில் இல்லை. கீழறை விறைத்திருக்கிறது, அல்லது வால்வு ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் நுரையீரலுக்கு மாத்திரை கொடுத்துப் பயனில்லை.

கேள்வி: க்ளென் முடிந்து நாலு நாள். முகம் உப்பியிருக்கிறது, எந்நேரமும் சிணுங்கல். சாச்சுரேஷன் 82 தான். எதாவது தவறிவிட்டதா?

பதில்: 80 முதல் 85 வரைதான் க்ளெனுக்குப் பின் எதிர்பார்ப்பது. கீழ் உடம்பின் நீல ரத்தம் இன்னும் இதயத்தில்தானே கலக்கிறது. முகம் உப்புவதும் எரிச்சலும், தலையிலிருந்து இறங்கும் சிரையில் அழுத்தம் திடீரென ஏறியதால். தலைவலி என்று சொல்லத் தெரியாத வயது. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள். ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிவிடும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, முகமும் கையும் கறுத்து நீலித்தாலோ இணைப்பில் குறுக்கம் அல்லது உறைவு இருக்கலாம், எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வியப்பான விஷயம் உண்டு. பொதுவாக நுரையீரல் தடையைக் குறைக்க வென்ட்டிலேட்டரில் மூச்சைக் கூட்டி, கரியமில வாயுவைக் குறைப்பார்கள். க்ளென் குழந்தைக்கு அப்படிச் செய்தால் சாச்சுரேஷன் இறங்கும். கரியமில வாயு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய் சுருங்கும். மூளைக்குப் போய்த் திரும்பும் ரத்தம்தான் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் என்பதால் அங்கேயும் குறையும். அதனால் கரியமில வாயுவைச் சற்று உயரவே விடுகிறோம், வென்ட்டிலேட்டரையும் கூடிய சீக்கிரம் எடுத்துவிடுகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. க்ளென் முடிந்தபோது 84 இருந்தது, இப்போது 74. ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனால் காரணம் எது என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, அவள் வளர்ந்ததே. கைக்குழந்தைக்குத் தலைதான் பெரிது. மேற்பெருஞ்சிரை வழியே மொத்த ரத்தத்தில் ஏறத்தாழ பாதி வரும். இரண்டரை வயதளவில் அது 55 சதவீதத்தைத் தொடும். அப்புறம் கால்கள் நீண்டு தசை போட, பங்கு குறைந்து 6, 7 வயதில் 35 சதவீதத்துக்கு வந்துவிடும். க்ளென் வழியே நுரையீரலுக்குப் போவது அந்தப் பங்கு மட்டுமே. ஓடியாடும்போது கீழ் உடம்பிலிருந்து நீல ரத்தம் இன்னும் அதிகமாகக் கலக்கும். இதுதான் காரணம் என்றால் ஃபான்டானுக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, திருட்டு வழிகள். மேற்பெருஞ்சிரையில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், ரத்தம் பழைய சிறு சிரைகளைத் திறந்துகொண்டு, நுரையீரலைத் தொடாமலே கீழே இறங்கிவிடும். கேத்தில் சாயம் ஏற்றினால் தெரியும். கம்பிச் சுருள் வைத்து அடைக்கலாம். ஆனால் அந்தச் சிரைகள் ஏன் திறந்தன என்று கேட்காமல் அடைப்பது அரைகுறை வேலை. இடது நுரையீரல் தமனியில் குறுக்கம் இருக்கலாம், குறிப்பாக முன்பு அறுவையில் புதிதாகக் கட்டிய பெருந்தமனி அதை மூச்சுக்குழல்மேல் வைத்து அழுத்தியிருக்கலாம். அங்கே ஸ்டென்ட் (குறுக்கத்தை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தால் அழுத்தமும் இறங்கும், திருட்டு வழியும் தானாக வற்றும்.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் ஈர்ப்பானது. கல்லீரலிலிருந்து வரும் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருள், நுரையீரலின் நுண்குழாய்கள் முறையாக வளர்வதற்குத் தேவைப்படுகிறது. க்ளெனில் கல்லீரல் ரத்தம் நுரையீரலுக்கு நேரே போவதில்லை. அது கிடைக்காத நுரையீரலில் தமனியும் சிரையும் நடுவில் வலைப்பின்னல் இல்லாமல் நேருக்கு நேர் இணைந்துகொள்ளும். ரத்தம் காற்றைத் தொடாமல் நீலமாகவே திரும்பிவிடும். கீழ்ப்பெருஞ்சிரை பிறவியிலேயே அறுபட்டு, கீழ் உடம்பின் ரத்தமும் மேலே சுற்றி வரும் குழந்தைகளுக்கு இது அதிகம் வரும். அவர்களுக்குச் செய்யும் கவாஷிமா அறுவையில் கல்லீரல் ரத்தம் ஒன்று மட்டுமே நுரையீரலுக்கு வெளியே நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க உப்புநீரைக் குலுக்கி, நுண்குமிழிகளோடு வலது, இடது நுரையீரல் தமனிகளில் தனித்தனியே செலுத்தி எக்கோவில் பார்ப்பார்கள். நல்ல நுரையீரல் குமிழிகளை வடிகட்டிவிடும். இரண்டு மூன்று துடிப்புக்குள் குமிழிகள் இடது மேலறையில் மின்னினால் நேரடி இணைப்புகள் உண்டு. கையில் ஊசி போட்டுப் பார்த்தால் போதாது, திருட்டுச் சிரைகள் வழியாகவும் குமிழி வந்து குழப்பும். வைத்தியம், கல்லீரல் சிரைகளை நுரையீரலோடு சேர்ப்பது, அதாவது ஃபான்டான். சேர்த்த பிறகு மாதக்கணக்கில் இணைப்புகள் வற்றிப்போவதைப் பார்க்கிறோம். சேர்க்கும்போது கல்லீரல் ரத்தம் இரண்டு நுரையீரலுக்கும் பிரிந்து போக வேண்டும், ஒரே பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் அதே நோய் தொடரும். அதனால் குழாயை எந்தக் கோணத்தில் வைப்பது என்று சில மையங்களில் ஸ்கேனை வைத்துக் கணினியில் பாய்ச்சலைக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள்.

இவற்றோடு ஹீமோகுளோபினையும் பாருங்கள். நீல நோயுள்ள குழந்தைக்கு 11 என்பது ரத்தசோகை, பரிசோதனைத் தாளில் "நார்மல்" என்று அச்சாகியிருந்தாலும். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஆள் குறைந்தால் உடம்பு திரும்பும் ரத்தத்திலிருந்து அதிகம் உறிஞ்சும், கலந்த பின் சாச்சுரேஷன் விழும். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து இரும்புச்சத்து கொடுத்தாலே சில புள்ளிகள் ஏறுவதுண்டு.

கேள்வி: ஃபான்டானுக்குப் பிறகு பம்ப் இல்லாமல் நுரையீரலுக்கு ரத்தம் எப்படித்தான் போகிறது?

பதில்: பிரான்சின் போர்தோ நகரில் 1968-ல் அறுவை நிபுணர் ஃபிரான்சிஸ் ஃபான்டான் முதன்முதலில் செய்து, 1971-ல் வெளியிட்டபோது மருத்துவ உலகமும் இதைத்தான் கேட்டது. அவர் வலது மேலறையை ஒரு சிறு பம்பாக வைத்துப் பார்த்தார், வால்வுகூட வைத்தார். மேலறையின் துடிப்பு உதவவில்லை, அதற்குள் ரத்தம் சுழன்று ஆற்றலை வீணாக்குகிறது என்று அறுவை நிபுணர் மார்க் டி லெவால் 1988-ல் காட்டினார். அதிலிருந்து நேர்க்குழாய் வழிக்கு வந்துவிட்டோம்.

தள்ளுவது மூன்று. சிரையில் தேங்கும் அழுத்தம் முதலில். நம் எல்லோருக்கும் பெருஞ்சிரையில் 5 மி.மீ. பாதரசம் அளவுக்குத்தான் இருக்கும். ஃபான்டான் குழந்தைக்கு 10 முதல் 15. அடுத்தது மூச்சு. நெஞ்சு விரிந்து உள்ளே இழுக்கும்போது நுரையீரலுக்குள் ரத்தமும் இழுக்கப்படுகிறது. பிறகு கால் தசைகள், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் சிரையைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. ஆகவே அறுவையின்போது உதரவிதான நரம்பு அடிபட்டு ஒரு பக்கம் அசையாமல் போனால் அது மூச்சுக்கான தொல்லை மட்டுமல்ல, ரத்த ஓட்டத்துக்கான தொல்லையும்தான். அதைத் தைத்து இறுக்கிவிடுவது பலன் தரும். பெரிய டான்சிலால் குறட்டை விட்டு இரவில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தையையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் குறைந்து நுரையீரல் குழாய் இறுகுகிறது.

பல குழந்தைகளுக்கு ஃபான்டான் குழாயில் 4 மி.மீ. அளவில் ஒரு ஓட்டை போட்டு மேலறையோடு இணைப்பார்கள். தடை திடீரென்று ஏறினால் கொஞ்சம் நீல ரத்தம் அந்த வழியே தப்பித்து, இதயத்தை நிரப்பி, ரத்த அழுத்தத்தைக் காப்பாற்றும். அந்தக் குழந்தைகளுக்குச் சாச்சுரேஷன் 90-க்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். பின்னாளில் தேவையில்லை என்று தெரிந்தால் கேத் வழியே மூடிவிடலாம்.

கேள்வி: ஃபான்டான் முடிந்து இரண்டு வாரமாகியும் நெஞ்சில் வைத்த வடிகுழாயில் (டிரெயின்) நீர் நிற்கவில்லையே?

பதில்: சிரை அழுத்தம் ஏறியதும் நிணநீர் வடிய இடமில்லாமல் நெஞ்சுக்கூட்டில் கசிகிறது. இரண்டு வாரம் என்பது அரிதல்ல. நீர் பால் நிறமாக இருந்தால் கொழுப்பில்லாத உணவு, கொழுப்புக்குப் பதில் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய். அது நிணநீர் வழி போகாமல் நேரே ரத்தத்தில் சேரும். அளவு குறையாவிட்டால் கேத் செய்து எங்காவது குறுக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இதே நிணநீர்த் தொல்லை வருடங்கள் கழித்து வேறு உருவில் வரலாம். வயிறு, கால் வீங்கி, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் குடல் வழியே புரதம் இழக்கப்படுகிறதா என்று மலத்தில் ஆல்ஃபா-1 ஆன்ட்டிட்ரிப்சின் என்ற ரத்தப் புரதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இருமலில் மரக்கிளை வடிவில் ரப்பர்போன்ற கட்டி வந்தால் அதைத் தூக்கி எறியாமல் டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். மூச்சுக்குழலுக்குள் நிணநீர் கசிந்து உறைந்த அச்சு அது. கசியும் நிணநீர்க் குழாயைக் கண்டுபிடித்து அடைக்கும் சிகிச்சை இப்போது இருக்கிறது.

கேள்வி: நுரையீரல் ரத்தக்குழாயைத் தளர்த்தும் சில்டெனாஃபில் மாத்திரையை எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தால் நல்லதுதானே?

பதில்: அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. அதே வகை மருந்தான உடெனாஃபிலை 400 ஃபான்டான் வளரிளம் பருவத்தினருக்கு 26 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தர உழைப்பில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. உச்ச உழைப்பில் ஆக்சிஜன் பயன்பாடு புள்ளியியல்படி உறுதியாகக் கூடவில்லை. கேத்தில் தடை அதிகம் என்று காட்டிய குழந்தைக்கு, அறுவைக்குப் பின் தத்தளிக்கும் குழந்தைக்கு நாங்கள் கொடுக்கிறோம், பலனும் பார்க்கிறோம். குறுகிய தமனியை மாத்திரை விரிக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: விமானத்தில் கூட்டிப்போகலாமா? விளையாட விடலாமா?

பதில்: விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். தரையில் 15 சதவீத ஆக்சிஜன் சுவாசிப்பதுபோல. நிலையாக இருக்கும் க்ளென், ஃபான்டான் குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே தாங்குகிறார்கள். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள், நீண்ட பயணத்தில் எழுந்து நடக்கச் செய்யுங்கள். ஷன்ட் குழந்தைக்கு மட்டும் முன்கூட்டியே குழுவைக் கேளுங்கள். விளையாட்டு வேண்டும், கால் தசையும் ஒரு பம்ப் என்று மேலே சொன்னோமே. தானே நின்று மூச்சு வாங்கிக்கொள்ள விடுங்கள், போட்டிக்காக விரட்டாதீர்கள். ஆழ்கடல் முக்குளிப்பு கூடாது.

கேள்வி: ஃபான்டான் முடிந்த மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்கிறார்கள். அங்கே இதயப் பிரிவு கிடையாது. என்ன சொல்லி வைக்க வேண்டும்?

பதில்: முடிந்தால் இதயப் பிரிவு உள்ள இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். நேரமில்லை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இவற்றைச் சொல்லுங்கள். வலது பக்கம் பம்ப் இல்லை, சிரை அழுத்தம்தான் ஓட்டுகிறது. பட்டினி போடும் நேரத்தில் திரவம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வென்ட்டிலேட்டர் அழுத்தம் குறைவாக, மூச்சு உள்ளே போகும் நேரம் சுருக்கமாக. லேப்பராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) என்றால் வயிற்றில் ஏற்றும் வாயுவின் அழுத்தம் இயன்றவரை குறைவாக, ஏனென்றால் அது கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தும், கரியமில வாயுவும் ரத்தத்தில் ஏறி நுரையீரலை இறுக்கும். குழாயில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதை டிஸ்சார்ஜ் தாளில் காட்டுங்கள். இருந்தால் சிரை ஊசியில் ஒரு காற்றுக் குமிழிகூடப் போகக் கூடாது, அது நுரையீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்விடும். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி மாட்டும்போது குமிழி பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமல் காக்கும் மற்றொரு மருந்தான வார்ஃபரினோ கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதை நேரத்தோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.